பொம்மைக்கும் பாடு போடுங்கப்பா!

அரைப்பரீட்சை லீவு, கிறிஸ்துமஸ், புது வருஷம், போகி, பொங்கல்னு வரிசை கட்டி வருது. பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இந்த ஒரு மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹால்ல நடக்க வழி இருக்காது. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா கால்ல லெகோ குத்தும் (லெகோ மாதிரி இருக்கிற டூப்ளிகேட்டுதான், ஒரிஜினல் விலைக்கு நான் ஒரு மாச மளிகை வாங்கிடுவேன்). சோபாவுக்கு அடியில சக்கரம் இல்லாத கார், பேட்டரி செத்துப்போன ரோபோ, ஒத்தைக் கண்ணு கரடி.

இதுக்கு எல்லாரும் ரெண்டு வைத்தியம் சொல்றாங்க. ஒண்ணு, பெரிய பெரிய பிளாஸ்டிக் டப்பாவா வாங்கி அடுக்கி வை. இன்னொண்ணு, பழசையெல்லாம் மூட்டை கட்டி ஊர்ல இருக்கிற ஏழைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடு, புண்ணியமாவது சேரும். முதல் வைத்தியத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ரெண்டாவது வைத்தியத்து மேல கோவமே இருக்கு. ஏன்னா அந்த "ஊர்ல இருக்கிற ஏழைப் பிள்ளைங்க" எங்க வீட்டுப் பிள்ளைங்க :-)

நான் பொறந்தது சுண்ணாம்புக்குளம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். பழவேற்காடு ஏரியை ஒட்டின ஊர், ஆந்திரா எல்லைக்கு ரொம்பப் பக்கம். பழவேற்காடுன்னா உங்களுக்கு டச்சுக்காரங்க கல்லறையும், பூநாரையும், அந்தப் பக்கம் ஸ்ரீஹரிக்கோட்டாவுல இருந்து கிளம்புற ராக்கெட்டும் ஞாபகத்துக்கு வரலாம். எங்களுக்கு அது சோறு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்து ரெண்டாவது பெரிய உப்பங்கழி அது. இறால், நண்டு, மடவைன்னு அதை நம்பித்தான் அந்தப் பக்கம் அத்தனை குப்பமும். கல்யாணம் ஆகி நான் இப்ப தண்டையார்பேட்டைவாசி. வருஷத்துக்கு மூணு நாலு தடவை ஊருக்குப் போறதோட சரி.

எங்க அண்ணன் வீட்டைக் கொஞ்சம் மனசுல வரைஞ்சு பாருங்க. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, முன்னாடி சிமெண்டு போட்ட தரை. அவ்ளோதான் வீடு. அந்த ஹால்லதான் தூங்கணும், அங்கதான் படிக்கணும், சாப்பிடணும். மழை வந்தா வலையும் உள்ள வரும். வலை சரி பண்ற நைலான் நூல், ஊசி, மிதவை, வீச்சு வலையோட அடியில கோக்கிற ஈயக்குண்டு எல்லாம் அந்த ஒரே தரையிலதான். சென்னையில பொம்மை சிதறிக் கிடந்தா அது அசிங்கம், அம்மாவுக்கு எரிச்சல், அதோட முடிஞ்சது. எங்க ஊர்ல பொம்மையும் தொழில் சாமானும் ஒண்ணாக் கலந்து கிடக்கும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு பிளாஸ்டிக் மணிக்கும் ஈயக்குண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? எது கையில கிடைச்சாலும் நேரா வாய்க்குத்தான். ஈயம் உடம்புல எவ்வளவு வரைக்கும் போகலாம்னு ஒரு அளவே கிடையாது, கொஞ்சம் போனாலும் குழந்தைக்குக் கெடுதல்தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மூளை வளர்ச்சியை பாதிக்கிற சமாச்சாரம் அது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒவ்வொரு போகிக்கும் கட்டைப்பை வரும். ஜவுளிக்கடையில கொடுப்பாங்களே, அந்த சைஸ் பை. சொந்தக்காரங்க கொண்டு வருவாங்க, சொந்தக்காரங்களோட ஆபீஸ் நண்பர்கள் கொடுத்து அனுப்புவாங்க, சில வருஷம் யாருன்னே தெரியாத ஒரு குழு வேன் வெச்சு வந்து கொட்டிட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போகும். போன வருஷம் ஒரு பையை அண்ணியும் நானும் உட்கார்ந்து பிரிச்சோம். என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன். நாலு கார், மொத்தமாச் சேர்த்து ஒன்பது சக்கரம். பாதித் துண்டு காணாமப் போன ஜிக்சா மூணு. தலை இல்லாத பொம்மை ஒண்ணு, உடம்பு இல்லாத தலை ஒண்ணு (ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரலை, போட்டுப் பார்த்துட்டோம்). பிசுபிசுன்னு ஒட்டுற களிமண். ரிமோட் இல்லாத ஹெலிகாப்டர். ஹெலிகாப்டர் இல்லாத ரிமோட். அடியில, கரடி பொம்மை வயித்துக்குள்ள இருந்து தனியா வந்துட்ட பாட்டுப் பெட்டியும் அதுல மூடி இல்லாம மூணு பட்டன் பேட்டரியும்.

அந்த பட்டன் பேட்டரி இருக்கே, அதைப் பத்தி அப்பா அம்மாவா இருக்கிற பதிவர்கள் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். குழந்தை முழுங்கி அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிச்சுன்னா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து போற அளவுக்குக் காயம் பண்ணும். எச்சில் பட்டதும் அதுல மின்சாரம் ஓடுது, அதனால. "பேட்டரி பழசு, சார்ஜ் இல்லை"ன்னு அலட்சியமா இருக்கவும் முடியாது, பொம்மையை ஓட்ட முடியாத பேட்டரிக்கும் சதையைச் சுடுற அளவுக்குத் தெம்பு மிச்சம் இருக்கும். சென்னையில இருந்தா ஆட்டோ பிடிச்சு அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. சுண்ணாம்புக்குளத்துல இருந்து குழந்தைக்கு உள்ள குழாய் விட்டுப் பாக்கிற வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அந்த ரெண்டு மணி நேரம் ஓடிப் போயிடும்.

சரி, வேண்டாததைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க போடறது? அதுதான் விஷயமே. பொம்மையை காயலான் கடைக்காரர் எடுத்துக்க மாட்டார். குடம், பக்கெட்டுன்னா ஒரே ஜாதி பிளாஸ்டிக், எடை போடலாம். பொம்மையில நாலு வகை பிளாஸ்டிக், இரும்பு ஸ்க்ரூ, ஸ்பிரிங்கு, மோட்டார், பஞ்சு எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். பிரிச்சு எடுக்கிற கூலிக்குக் கூடத் தேறாதும்மான்னு திருப்பிக் கொடுத்துடுவார். அப்புறம் ரெண்டே வழி. ஒண்ணு, வீட்டுக்குப் பின்னாடி போட்டுக் கொளுத்தறது. பிவிசி பொம்மை எரியறப்போ வர்ற புகையில டயாக்சின் வரைக்கும் இருக்கும். இன்னொண்ணு, கொளுத்தாம விட்டுடறது. அப்போ மழைத் தண்ணியோட ஏரிக்குப் போயிடும். நண்டு வலையை இழுத்தா ஒரு பார்பி கை வருதுன்னு எங்க அண்ணன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஏரி ரொம்ப ஆழம் இல்லாதது, நிறைய இடத்துல இடுப்பளவு தண்ணிதான். அதுல விழுந்தது லேசுல கடலுக்குப் போயிடாது, அங்கயே சேத்துல கிடக்கும்.

ஆக, நாம சென்னையில "வீட்டை சுத்தம் பண்ணிட்டேன்"னு சொல்றது பாதி நேரம், நம்ம குப்பையை அறுபது கிலோமீட்டர் தள்ளி வெச்சுட்டேன்கிறதுதான். அதுவும் குப்பை வண்டி ஒழுங்கா வர்ற இடத்துல இருந்து, வராத இடத்துக்கு.

இது புதுசும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்துல பழைய துணி குவியல் குவியலாக் கிடந்ததைப் படத்துல பார்த்திருப்பீங்க. எல்லாத்தையும் இழந்து நின்ன மீனவ ஜனங்க அதைத் தொடலை. "இவங்களுக்கு எவ்ளோ திமிர் பாரு"ன்னு அப்ப சில பேர் சொன்னாங்க. திமிர் இல்லைங்க. நேத்து வரைக்கும் நாலு பேருக்குப் படியளந்தவனுக்கு, கிழிஞ்ச துணியைப் பார்த்ததும் நம்மளை என்னவா நினைக்கிறாங்கன்னு புரிஞ்சு போச்சு. குழந்தைக்கும் அது புரியும். தலை இல்லாத பொம்மையை யாரும் தன் பிள்ளை பொறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிறதில்லையே.

(போகிக்குக் கொளுத்தறேன்னு கிளம்பற கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. 2018 போகி அன்னிக்கு சென்னையில புகை மூடி விமானமே இறங்க முடியாம திண்டாடுச்சு. பழைய பாயும் விளக்குமாறும் கொளுத்தின காலத்துப் பண்டிகை அது. அதுல ரிமோட் காரைச் சேர்க்காதீங்க.)

அப்ப என்னதான் பண்றது? டப்பாவும் வேணாம், தானமும் வேணாம்னா?

இங்கதான் எங்க ஏரிக்காரங்க கிட்ட இருந்து ஒண்ணு கத்துக்கலாம்னு தோணுது. எங்க பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது பழவேற்காட்டுப் பக்கம். அங்க "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில இறால் நல்லா விழற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் எல்லா நாளும் அங்கயே வலை கட்டினா ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடைக்காது, அடிதடிதான் மிஞ்சும். அதனால இடத்தைப் பிரிச்சு, தலைக்கட்டு கணக்கு வெச்சு, சீட்டுக் குலுக்கி, முறை போடுவாங்க. இன்னிக்கு இந்த இடத்துல உனக்குப் பாடு, அடுத்த தடவை அவனுக்கு. பாடு இல்லாத அன்னிக்கு அந்த இடம் பக்கம் போகக் கூடாது. தலைமுறை தலைமுறையா நடக்கிற ஏற்பாடு இது. கோட்டைக்குப்பத்துல கேட்டா இன்னும் விவரமாச் சொல்வாங்க. இலங்கையில நீர்கொழும்பு களப்புலயும் இதே "பாடு"ங்கிற பேர்லயே முறை இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் வந்து இதைப் பத்தி எழுதியிருக்காங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஏரியைப் பெரிசாக்குறதுக்கு யாரும் மெனக்கெடலை. இருக்கிற இடத்துக்கு முறை போட்டாங்க. நம்ம வீட்டுல நாம செய்யறது அதுக்கு நேர் எதிர். பொம்மை அதிகமானா ஷெல்ஃபை அதிகமாக்குறோம், ஷெல்ஃப் நிறைஞ்சா பரண், பரண் நிறைஞ்சா கட்டைப்பை, சுண்ணாம்புக்குளம்.

எங்க வீட்டுல நாலு வருஷமா பொம்மைக்குப் பாடு போடறோம். ஆரம்பிச்ச அன்னிக்கு எல்லாத்தையும் ஹால்ல கொட்டி எண்ணினோம், சின்னச் சின்ன கட்டைங்களைச் சேர்க்காமலே 163. ரெண்டு பிள்ளைங்க, 163 பொம்மை! உடைஞ்சது, பாகம் இல்லாதது, பேட்டரி மூடி ஸ்க்ரூ இல்லாதது மூணையும் முதல்ல தனியா எடுத்தோம். அதுலயே 60க்கு மேல போயிடுச்சு. மிச்சத்தை ஆறு பங்காப் பிரிச்சு, ஆறு துணிப்பையில போட்டு, பரண்ல ஏத்தியாச்சு. ஒரு நேரத்துல ஒரு பைதான் கீழ. எப்ப மாத்தறதுன்னு கண்டிப்பான தேதி கிடையாது, சலிச்சுப் போச்சுன்னு அவங்களே சொல்றப்போ மாத்தறது. பெரும்பாலும் மூணு வாரம் ஓடும்.

எந்தப் பைன்னு முடிவு பண்றது நானோ அவங்க அப்பாவோ இல்லை. சீட்டுதான். ஆறு காகிதத் துண்டு, சின்னது எடுக்கும். இந்த சீட்டுதான் முக்கியம்னு நான் அடிச்சுச் சொல்வேன். அம்மா எடுத்து ஒளிச்சு வெச்சா அது தண்டனை. சீட்டுல வரலைன்னா அது முறை. பெரியவனுக்கு ரொம்பப் பிடிச்ச கிரேன் வண்டி ரெண்டு தடவை தொடர்ந்து வரலை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான், ஆனா என் மேல சண்டைக்கு வரலை. மூணாவது தடவை அந்தப் பை வந்தப்போ அவன் போட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டு மாமி எட்டிப் பார்த்தாங்க.

அந்த மாமி வீட்டுல வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலு வைப்பாங்க. நூத்துக்கு மேல பொம்மை. அதை யாராவது "அடைசல்"னு சொல்வோமா? ஒன்பது பத்து நாள் படியில இருக்கும், அப்புறம் பழைய வேட்டியில சுத்தி பெட்டிக்குள்ள போயிடும். மறுபடி அடுத்த புரட்டாசி. எடுக்கிறப்போ ஒவ்வொண்ணும் புதுசு மாதிரி. வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதுசா வாங்கணும்கிற வழக்கத்துல, வாங்கறதும் ஒண்ணு ரெண்டோட நிக்கும். நம்மாளுங்களுக்கு இந்த வித்தை எப்பவோ தெரியும். பெரியவங்க பொம்மைக்கு செஞ்சதை குழந்தைங்க பொம்மைக்கு செய்யலை, அவ்ளோதான்.

கொஞ்சம் பொம்மை இருந்தா குழந்தை ஏங்கிப் போயிடாதான்னு பயப்படறவங்களுக்காக ஒரு ஆராய்ச்சி. அமெரிக்காவுல டோலிடோ பல்கலைக்கழகத்துக்காரங்க 2018ல வெளியிட்டது. நடை பழகின 36 குழந்தைங்க. ஒரு தடவை 4 பொம்மையோட விளையாட விட்டாங்க, இன்னொரு தடவை 16 பொம்மையோட. நாலு பொம்மை இருந்தப்போ ஒவ்வொண்ணோடவும் அதிக நேரம் விளையாடிச்சுங்க, விளையாடின விதமும் அதிகம். பதினாறு இருந்தப்போ இதைத் தொட்டு அதை விட்டு, அதைத் தொட்டு இதை விட்டு... நாம ரிமோட்டை வெச்சுக்கிட்டு சேனல் மாத்தறோமே, அந்தக் கதைதான்.

ஜெர்மனிக்காரங்க இன்னும் ஒரு படி மேல. பவேரியாவுல 1992ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பாலர் பள்ளியில மூணு மாசம் பொம்மையே கிடையாது. பொம்மைக்கெல்லாம் லீவு விட்டு அனுப்பிடுவாங்க. மேசை, நாற்காலி, போர்வை, இது மாதிரிதான் மிச்சம். ஆரம்பிச்சவங்க யாருன்னா, போதைப் பழக்கத் தடுப்பு வேலையில இருந்தவங்க. சலிப்பைத் தாங்கிக்கத் தெரியாத குழந்தை பெரிசானா எதையாவது வாங்கித்தான் சலிப்பைத் தீர்த்துக்கும்கிறது அவங்க யோசனை. மூணு மாசமெல்லாம் என்னால ஆகாதுப்பா, எனக்கு அடுத்த நாளே பைத்தியம் பிடிச்சுடும் :-)) ஆனா அந்த யோசனையில ஒரு நியாயம் இருக்கு.

இங்க ஒரு ஆபத்து இருக்கு. "பார்த்தீங்களா, கிராமத்துப் பிள்ளைங்களுக்கு பொம்மையே தேவையில்லை, பனங்காய் வண்டி ஓட்டிக்கிட்டு எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க"ன்னு சில பேர் உருகி உருகி எழுதுவாங்க. நுங்கு வண்டி எனக்கும் பிடிக்கும். சித்திரை வைகாசியில நுங்கு தின்ன கோந்தை ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. நாலு நாள் ஓடும், காஞ்சா அடுப்புக்குப் போயிடும், ஏரிக்குப் போகாது. பனையோலைக் காத்தாடி, கிலுகிலுப்பை, கிளிஞ்சலை வெச்சு சோறு பொங்கறது எல்லாம் நானும் விளையாடினதுதான். அதுக்காக எங்க அண்ணன் மகனுக்கு ரிமோட் கார் ஆசை இல்லைன்னு சொல்ல முடியுமா? அவனுக்கும் யூடியூபு தெரியும். சென்னையில இருந்து வர்ற அத்தை பையன் கையில புதுசு, அவன் கையில ஒன்பது சக்கரத்து மிச்சம்னா அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். கொடுக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. கொடுக்கிறதைக் கொடுக்கிற மாதிரி கொடுங்க. ஒரு பை பழசுக்கு பதிலா ஒரே ஒரு புதுசு.

அந்தப் புதுசும் பார்த்து வாங்குங்க. 2019ல இந்தியத் தரக் கவுன்சில் சந்தையில இருந்து இறக்குமதி பொம்மைகளை எடுத்து சோதிச்சப்போ மூணுல ரெண்டு பங்கு தேறலை. அதுக்கப்புறம்தான் 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குட்பட்ட பிள்ளைங்க பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னு ஆச்சு. பதிவு பண்ணின கைவினைஞர்கள் செய்யற பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கின பொம்மைக்கும் மட்டும் விலக்கு உண்டு. திருவிழாக் கடையில தொங்கற பத்து ரூபா பொம்மையில முத்திரை தேடினா கடைக்காரர் நம்மளை ஒரு மாதிரிப் பார்ப்பார், அது வேற விஷயம். ஆனாலும் தேடுங்க. பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க.

அடுத்து தாத்தா பாட்டி பிரச்சனை. இதை யாராலயும் தீர்க்க முடியாதுன்னு நினைக்கிறேன். எங்க நைனாவுக்கு ஒரு பொம்மை கூட சொந்தமா இருந்ததில்லை. எட்டு வயசுல தோணி ஏறினவர். இப்ப பேரப்பிள்ளை வர்றான்னா கும்மிடிப்பூண்டி பஜார்ல அவர் வாங்கறதைப் பார்த்தா, அது அவனுக்கு வாங்கறது இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு பையனுக்கு வாங்கறார். அவர் கிட்ட போய் டோலிடோ ஆராய்ச்சியா பேச முடியும்? நான் பேசறதில்லை. "தாத்தா வீட்டு பொம்மை தாத்தா வீட்டுலயே இருக்கட்டும், அடுத்த தடவை வந்தா இருக்கணுமில்ல?"ன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். அவரும் பழவேற்காட்டுல வாங்கின ஒரு ஓலைப் பெட்டியில போட்டு மூடி, வலை மாட்டற கொக்கிக்கு மேல உசரத்துல வெச்சிருக்கார். அந்த ஊர்ப் பொம்பளைங்க பின்னற பனையோலைப் பெட்டி நல்லா உழைக்கும், நீங்க அந்தப் பக்கம் போனா வாங்குங்க. அந்தப் பெட்டி அளவுதான் கணக்கு. நிறைஞ்சா ஒண்ணு வெளிய எடுத்தாத்தான் ஒண்ணு உள்ள. நைனாவுக்கு இது சுலபமாப் புரிஞ்சுது. பறி நிறைஞ்ச பிறகு இறாலைத் தடவிக்கிட்டு இருக்க மாட்டாங்களே.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம பதிவர்களுக்குத் தனியா ஒண்ணு. டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வர்றப்போ, எடை மிச்சம் இருக்கேன்னு பெட்டியை பொம்மையால நிரப்பாதீங்க சாமி. அங்க அது என்ன கதின்னு உங்களுக்கே தெரியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல லாஸ் ஏஞ்சலஸ்காரங்க 32 குடும்பத்து வீட்டுக்குள்ள போய் சாமான் சாமானா எண்ணி, 2012ல புத்தகமாவே போட்டாங்க. உலகத்துக் குழந்தைகள்ல 3.1 சதவீதம்தான் அமெரிக்காவுல, ஆனா உலகத்துல விக்கிற பொம்மையில 40 சதவீதம் அங்க போகுதுன்னு அதுல இருக்கு. அந்த 40ல மிஞ்சினது நமக்கு வேணாம். அதுக்கு பதிலா நீங்க நாலு நாள் எங்கயும் ஓடாம பிள்ளைங்களோட இருந்துட்டுப் போங்க, ஏரியில தோணியில கூட்டிப் போறேன் (உயிர்காப்பு உடை போட்டுக்கிட்டாத்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து போன உயிர்களை அந்தப் பக்கம் யாரும் மறக்கலை).

இந்தப் பாடு முறையில குறையே இல்லையான்னா, இருக்கு. நிஜப் பாட்டுலயே உண்டு. முறையில பேர் இருக்கிறவங்களுக்குத்தான் இடம். பேர் இல்லாத குப்பத்துக்காரங்களும் மத்த சாதிக்காரங்களும் கரையில நின்னு பார்க்க வேண்டியதுதான். அதுல வருத்தமும் சண்டையும் நிறைய நடந்திருக்கு. வீட்டுலயும் அதே மாதிரி வருது. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் சீட்டுப் போட்டு சமத்தா இருப்பாங்க. அண்ணன் பசங்க லீவுக்கு வந்து நின்னா "இது எங்க பாடு, உனக்கு சீட்டு இல்லை"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதனால எங்க வீட்டுல ஒரு திருத்தம். அன்னிக்கு வீட்டுல எத்தனை குழந்தை இருக்கோ அத்தனை பேருக்கும் சீட்டு உண்டு. விருந்தாளிக்கு முதல் சீட்டு. இதுக்கு பெரியவன் இன்னும் முழு மனசா ஒத்துக்கலை, பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.

டிஸ்கி: கட்டைப்பை கொண்டு வர்ற எங்க சொந்தக்காரங்க யாராவது இதைப் படிச்சா, இது உங்களைப் பத்தி இல்லை. (உங்களைப் பத்திதான்.)

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு என்ன கொண்டு போறதுன்னு இந்தத் தடவை நேரா பசங்க கிட்டயே போன்ல கேட்டேன். எனக்கு, உனக்குன்னு பெரிய லிஸ்ட்டு வரும்னு நினைச்சு பேனா எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டேன். அண்ணன் மகன் பக்கத்துல யார் யார் கிட்டயோ கேட்டுட்டு வந்து சொன்னான். "அத்தை, எங்க தெருவுல பந்து மூணு இருக்கு. மூணுலயும் காத்து இல்லை. பம்பு ஒண்ணு வாங்கினு வா. ஊசி ரெண்டா எடுத்துனு வா, ஒண்ணு உடைஞ்சுடும்." பாரிமுனையில விசாரிச்சுட்டேன், ஊசியோட சேர்த்தே முந்நூறு ரூபாய்க்குள்ளதான் வருது.